வாரண்டி முடிந்த கீசர் வெடித்தால் வழக்குப் போடலாமா?

கீசர் வெடித்து அம்மாவின் கை வெந்து 20 மாதம் ஆகிவிட்டது, வாரண்டி முடிந்ததால் கம்பெனி கைவிரிக்கிறது என்கிறீர்கள். வாரண்டி முடிந்தது இதற்குத் தடையே இல்லை. பழுது நீக்கித் தருவதற்குத்தான் வாரண்டி. குறைபாடுள்ள பொருளால் உடம்புக்கு வந்த கேட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் உற்பத்தியாளரே பொறுப்பு. பில் உங்கள் பெயரில் இருந்தாலும், உங்கள் சம்மதத்தோடு பயன்படுத்திய அம்மாவும் நுகர்வோர்தான்.

எனக்குக் கவலை தருவது புகார் தருவதற்கான கெடு. அதே சட்டத்தின் பிரிவு 69படி இரண்டு ஆண்டு. விபத்து நாளிலிருந்து எண்ணுங்கள். மிச்சம் நாலே மாதம். கம்பெனியோடு மெயில் போக்குவரத்து நடப்பதால் கெடு நீளாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

உடைந்த கீசரை தயவுசெய்து சர்வீஸ்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தொட்டி, தெர்மோஸ்டாட், சேஃப்டி வால்வு எல்லாம் கழற்றாமல் அப்படியே இருக்கட்டும். புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வால்வு காணாமல் போனால் 'நீங்கள்தான் தவறாக மாட்டினீர்கள்' என்பார்கள். பொருத்தியவர் கொடுத்த ரசீது, டிஸ்சார்ஜ் சம்மரி, காயத்தின் தேதியிட்ட படங்கள் வேண்டும்.

நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, இணையவழியாகவும், புகார் தரலாம். கட்டணம் நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டைப் பொறுத்ததல்ல, கீசருக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. கீசரின் விலையையும் திரும்பக் கேட்பதானால் 'பொருளில் குறைபாடு' என்று தனியாக எழுதுங்கள். ஏனென்றால் பொருளுக்கே ஏற்பட்ட சேதம், மேலே சொன்ன உற்பத்தியாளரின் பொறுப்புக்குள் ('தயாரிப்புப் பொறுப்பு') வராது.