குரோமியம் ஏறிய நிலத்தில் கடுகு போடலாமா?

தோல் பதனிடும் டேனரியின் கழிவுநீர் பாய்ந்த அரை ஏக்கரில் கடுகு விதைத்து, அது குரோமியத்தை உறிஞ்சியதும் செடியை எரித்துச் சாம்பலை விற்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். காசு வராது, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நீங்கள் படித்தது, செடியிலிருந்து நிக்கல் எடுக்கும் கதையாக இருக்கும். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு மரம், பட்டையைக் கீறினால் நீலப்பச்சையாகப் பால் வடியும். காய்ந்த பாலில் கிட்டத்தட்ட கால் பங்கு நிக்கல்! குரோமியம் அப்படி மேலே ஏறாது. கடுகு எடுத்தாலும் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். உலோகத்தைக் கரைக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருளை ஊற்றினால் ஏறும் என்பார்கள், கேட்காதீர்கள். கரைந்த உலோகம் கிணற்றுக்கு இறங்கிவிடும்.

முதலில் மண்ணைச் சோதியுங்கள். மொத்தக் குரோமியம் மட்டும் போதாது, அதில் குரோமியம்-6 என்ற வடிவம் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். டேனரியில் பயன்படுத்துவது குரோமியம்-3, அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். தண்ணீரில் கரைந்து நகர்வதும் புற்றுநோய் தருவதும் 6 தான். அது இருந்தால் செடியைவிட பாக்டீரியாதான் உதவும். மக்கிய தொழுவுரத்தைத் தாராளமாகப் போட்டு ஈரம் காயாமல் வைத்தால், உரத்தில் உள்ள கரிமப்பொருளும் நுண்ணுயிர்களும் 6-ஐ 3 ஆக மாற்றும். உலோகம் நிலத்தைவிட்டுப் போகாது, விஷம் குறையும், அவ்வளவுதான்.

விஷம் குறையும்வரை கீரை வேண்டாம், மாட்டுக்குப் புல்லும் அறுக்காதீர்கள். சவுக்கு வைத்துப் பார்க்கலாம், உப்பையும் ஓரளவு தாங்கும். அப்புறம், அந்தக் கழிவுநீரில் உப்பு நிறைய இருக்கும். பயிர் கருகுவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். மண் சோதனையில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறனையும் சேர்த்துக் கேளுங்கள்.