நானோ துகள்களும் கல்லீரல் புற்றுசெல்களும்: சோதனைக்கூடக் கேள்வி பதில்

கவிதா: துளசிச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோ துகளை ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுசெல்களுக்குக் கொடுத்தேன். ஒரு மி.லி.க்கு 25 மைக்ரோகிராமில் செல்கள் குறைகின்றன. 100-இல் மறுபடி கூடுவதுபோல எம்.டி.டி. சோதனை (உயிருள்ள செல்கள் எம்.டி.டி. சாயத்தை ஊதாவாக்குவதை அளப்பது) காட்டுகிறதே, ஏன்?

பதில்: செல்கள் பிழைத்து வரவில்லை, ஓ.டி. அளவுதான் (ஒளி உறிஞ்சப்படும் அளவு) ஏறியிருக்கிறது. வெள்ளித் துகள் 400–420 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சும். துகள்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்தால் அந்த உறிஞ்சல் அகன்று, நீங்கள் அளக்கும் 570 நானோமீட்டர் வரை நீளும். இன்னொன்று துளசிச் சாறு. அதிலுள்ள பாலிபீனால்கள், செல்லே இல்லாவிட்டாலும் எம்.டி.டி.யை ஊதா நிறமாக மாற்றிவிடும். செல் போடாத வெல்களில் (பிளேட்டின் குழிகளில்) துகள், மீடியம் (செல் வளர்ப்புத் திரவம்), எம்.டி.டி. மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஊதா ஏறினால் குற்றவாளி தெரிந்துவிடும். துகள் இல்லாத வெறும் சாற்றையும் இப்படியே சோதிக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை: 24 மணி நேரம் முடிந்ததும் துகள் கலந்த மீடியத்தை எடுத்துவிட்டு, பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசல் கொண்டு இரண்டு முறை மெதுவாகக் கழுவுங்கள். ஹெப்ஜி2 கொத்துக்கொத்தாக வளரும், எளிதில் பெயர்ந்தும் போகும். கழுவும்போது போன செல்கள் கணக்கில் செத்தவையாகிவிடும். பிறகு 100 மைக்ரோலிட்டர் புது மீடியம், மி.லி.க்கு 5 மி.கி. எம்.டி.டி. கரைசலில் 10 மைக்ரோலிட்டர், 3 மணி நேரம். ஊதா நிறத்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தபின் பிளேட்டைச் சுழற்றித் துகளை அடியில் இறக்கி, மேல் திரவத்தில் 80 மைக்ரோலிட்டரை மட்டும் வேறு பிளேட்டுக்கு மாற்றி அளவிடுங்கள். உயிருள்ள செல்கள் ஏற்கும் சாயமான நியூட்ரல் ரெட் போன்ற இரண்டாவது முறையும் வேண்டும். செத்த செல்லிலிருந்து கசியும் நொதியை அளக்கும் எல்.டி.எச்.சை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளி அந்த நொதியையே முடக்கும், சாவு குறைவாகத் தெரியும்.

இர்ஃபான்: கொல்வது துகளா, அதிலிருந்து கரையும் அயனியா என்று எப்படிப் பிரித்தறிவது?

பதில்: ஒப்பீட்டுக்கு, அயனியை மட்டும் தரும் வெள்ளி நைட்ரேட் கட்டாயம். எடையை உப்பாக அல்ல, வெள்ளியாகக் கணக்கிடுங்கள்: 1 மி.கி. வெள்ளி நைட்ரேட்டில் வெள்ளி 0.635 மி.கி.தான். அடுத்து, துகளை அதே மீடியத்தில் 24 மணி நேரம் 37 டிகிரியில் வைத்து, 1,00,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல் அத்தனை மடங்கு விசையில்) ஒரு மணி நேரம் சுழற்றி, தெளிந்த மேல் திரவத்தை மட்டும் செல்களுக்குக் கொடுங்கள். 3 கிலோடால்டன் என்ற மிக நுண்ணிய வடிகட்டி போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் வெள்ளி அயனி, மீடியத்தில் கலந்த சீரத்தின் ஆல்புமின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு வடிகட்டிக்கு மேலேயே நின்றுவிடும். அயனி குறைவு என்று தவறாக முடிவு செய்வீர்கள்.

துத்தநாக ஆக்சைடுத் துகளில் சிக்கல் வேறு. துகள் செல்லுக்குள் போய், செல்லின் செரிமானப் பையான லைசோசோமின் அமிலத்தில் (பி.எச். 4.5–5) கரைந்து துத்தநாகத்தைக் கொட்டும். வெளி மீடியத்தை அளந்தால் இந்தப் பங்கு தெரியாது.

செல்வி: மீடியத்தில் போட்டதுமே துகள் அடியில் படிகிறது, மேடம்.

பதில்: மீடியத்தின் உப்பு, துகள்களை ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தை மறைத்துவிடுகிறது. நேராக மீடியத்தில் போடாமல், 0.05% ஆல்புமின் கலந்த நீரில் மி.லி.க்கு 2.56 மி.கி. துகள் எடுத்து, பனிக்கட்டியில் வைத்துப் புரோப் சோனிகேட்டரில் (ஒலியலைக் கருவியில்) 16 நிமிடம் பிரியுங்கள். அதன்பின் மீடியத்தில் கலந்து, 0 மணியிலும் 24 மணியிலும் டி.எல்.எஸ். (ஒளிச்சிதறலால் திரவத்தில் துகளின் பருமனை அளக்கும் முறை) அளவு எடுங்கள். உலர்ந்த துகளின் டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் மட்டும் போதாது. படிந்துவிட்டால் செல்லுக்குச் சேரும் அளவே மாறிவிடும். மி.லி.க்கு 50 மைக்ரோகிராம், 100 மைக்ரோலிட்டர் என்றால், 0.32 சதுர செ.மீ. வெல்லில் முழுதும் படியும்போது சதுர செ.மீ.க்குச் சுமார் 16 மைக்ரோகிராம். இரண்டு அளவையும் எழுதுங்கள்.

மணி: ஹெப்ஜி2 போதுமா? இயல்பு செல்லுக்கு வீரோ வைத்திருக்கிறேன்.

பதில்: ஹெப்ஜி2 அர்ஜென்டினாவின் 15 வயதுச் சிறுவனின் கட்டியிலிருந்து வந்தது. அது ஹெபடோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்கு வரும் கல்லீரல் புற்று) வகை என்று பின்னர் மறுமதிப்பீடு செய்யப்பட்டது. பெரியவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றைப் பற்றிப் பேச ஹூ7, ஹெப்3பி என்ற இரண்டு புற்றுசெல் வகைகளையும் சேருங்கள். வீரோ குரங்கின் சிறுநீரகச் செல். அதை வைத்து “இயல்பான கல்லீரலுக்குப் பாதுகாப்பு” என்று எழுதவே கூடாது. முதன்மை (உடலிலிருந்து நேராக எடுத்த) மனிதக் கல்லீரல் செல்களே சரியான ஒப்பீடு.

இர்ஃபான்: ஐ.சி.50 (செல்களைப் பாதியாகக் குறைக்கத் தேவையான அளவு) நன்றாகக் குறைந்தால் துகள் மருந்தாகுமா?

பதில்: தட்டில் துகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. உடலிலோ கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அங்குள்ள நோய் எதிர்ப்புச் செல்கள்) அதை விழுங்கிவிடும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, செலுத்திய நானோ துகளில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7% மட்டுமே. கல்லீரலில் தங்குவது நன்மை என்றும் எண்ண வேண்டாம். 1930-களிலிருந்து எக்ஸ்ரே படத்துக்காகச் செலுத்தப்பட்ட தோரோட்ராஸ்ட் என்ற தோரியம் ஆக்சைடுக் கூழ்மம் கல்லீரலிலேயே தங்கி, தன் கதிர்வீச்சால் பல்லாண்டுகள் கழித்து அங்கேயே புற்றை உண்டாக்கியது.

ஒரு வாசகர்: அப்பாவுக்குக் கல்லீரல் புற்று. கூழ்ம வெள்ளி (நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீர்) குடிக்கக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், ஐயா. மேலே பேசியதெல்லாம் பிளேட்டில் வளரும் செல்களைப் பற்றியது. குடிக்கும் வெள்ளி உடலில் சேர்ந்து தோலை நிரந்தரமாக நீலச்சாம்பலாக்கும். சில ஆன்டிபயாட்டிக்குகளையும் தைராக்சினையும் உடல் ஏற்பதைக் குறைக்கும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், எந்தப் பெயரில், எவ்வளவு, எத்தனை நாள் என்று குறித்து, பாட்டிலோடு அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள்.