பேஸ்மென்ட் குசினியில் மரக்கறி சூப்

தம்பி, முல்லைத்தீவில் இருந்து வந்து ரொறொன்ரோவில் இதுதான் முதல் பனிக்காலம் என்கிறீர். உடம்பு சூடேற மரக்கறி சூப் வைப்பது எப்படி, எந்த ஜாக்கெற் வாங்குவது, வேலை எடுப்பது எப்படி என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர். ஜாக்கெற்றுக்குப் புத்தி சொல்ல இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் சூப்புக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று: பேஸ்மென்டில் செத்தல் மிளகாய் வறுக்க வேண்டாம். வன்னியில் குசினி புறம்பாக இருக்கும், புகை ஓலை இடுக்கால் போய்விடும். இங்கே புகை மணி கத்தும், மேல்வீட்டுக்காரர் ஓடி வருவார். அவரும் எங்கட ஆள்தான். வாடகை பேசும்போது 'உங்கட வீடு மாதிரி நினையுங்கோ' என்பார். தாளித மணம் ஏறினால் முகம் மாறிவிடும். நான் வந்த புதிதில் இருந்த இடத்தில் ஞாயிறு மட்டும்தான் சமைக்கலாம் என்று சட்டம். அவர்களுடைய மீன்குழம்பு மணம் மட்டும் எந்தக் கிழமையிலும் படியிறங்கி எங்களிடம் வரும்.

மணி கத்துகிறது என்று பற்றரியைக் கழற்றாதேயும். ரொறொன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. அடுப்புக்கு மேலுள்ள விசிறியை முதலே போடும். ஜாக்கெற்றை அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும். இல்லாவிட்டால் வெங்காய மணம் பங்குனி வரை பஸ்ஸில் உம்மோடு வரும்.

சரி, சூப். இரண்டு பேருக்கு அரைக் கோப்பை மைசூர் பருப்பு, ஆறு கோப்பை தண்ணீர், கொஞ்சம் மஞ்சள். ஊருக்கு இறக்குமதியாகும் இந்தப் பருப்பில் ஒரு பங்கு கனடாவின் சஸ்கச்சுவானில் விளைவதுதான். நாங்கள் அங்கே இருக்கும்போதே இந்த நாட்டைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறோம். பருப்பு பாதி அவிந்ததும் கரட், லீக்ஸ், பூசணி. முருங்கையிலைக்காக உறைந்த பொதி தேடிக் கடை கடையாக ஏறி, கிடைக்காவிட்டால் 'இது என்ன நாடு' என்று புலம்புகிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இங்கே கிடைக்கும் கேல் என்கிற கீரை இலையின் நடு நரம்பை உருவிப் பொடியாக அரிந்து போட்டால் வேலை முடிந்தது. என் பிள்ளைகளுக்கு அதுதான் முருங்கையிலை.

மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் ஒன்று, மல்லி இரண்டு, உள்ளி, விரல்நுனி அளவு இஞ்சி. மாவாக அரைக்க வேண்டாம், நெரிந்தால் போதும். அம்மி இல்லையென்றால் துணிக்குள் சுற்றிக் கனமான போத்தலின் அடியால் குத்தும். மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தார்களாம் என்று தெருவெல்லாம் கதை ஓடும். அம்மா அதைக் காதில் வாங்கியபடியே மல்லியும் மிளகும் தட்டுவா. தூவானத்தில் ஈரமான விறகு சீறும், அவ ஊதுகுழலை என்னிடம் தந்துவிடுவா. ஊதி ஊதி என் கண்தான் சிவக்கும். அந்தக் குளிரை நாங்கள் குளிர் என்று சொன்னோம், பாரும்!

தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகு விடும், கொதியில் விட்டால் கசக்கும். மிச்சத்தை ஊரில் போல இரவு முழுக்க அடுப்பில் வைக்காதேயும். வீட்டுக்குள் ஹீற்றர் ஓடுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் சின்னப் பெட்டிகளில் ஊற்றிப் பிரிட்ஜுக்குள் வையும். காலையில் நன்றாகக் கொதிக்கவைத்துத் தெர்மோஸில் கொண்டுபோம்.

வேலை விஷயத்துக்குப் போனில் எடும். எழுதினால் நான் ஏஜென்சிக்காரர்களைத் திட்டத் தொடங்கிவிடுவேன்.