பாதையா, சாலையா? சைக்கிள் கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து நகருக்கு 14 வருடமாகச் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன் என்று சொன்னாலும் சொன்னேன், பல வட்டாரங்களிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

தெம்பனிஸ்: மகளுக்கு 9 வயது. சாலையில் விட மனம் வரவில்லை. நடைபாதையில் ஓட்டினால் பயமில்லைதானே?

சாலை வேண்டாம், சரி. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வரை ஓட்ட இங்கே அனுமதி உண்டு. ஆனால் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். பாதை வெட்டுப்படும் இடத்தில்தான் வினை. உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கார் நிறுத்துமிட வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். சாலைக்கு வரும் காரோட்டியின் கண் வலப்பக்கம்தான் இருக்கும், வண்டிகள் அங்கிருந்துதானே வரும்? இடப்பக்கத்து நடைபாதையில் ஒரு சைக்கிள் வரும் என்ற நினைப்பே அவருக்கு இருக்காது. ஒருமுறை அப்படி வந்த கார் மீது இரண்டு கையையும் ஊன்றித்தான் நின்றேன். இத்தனைக்கும் மெதுவாகத்தான் வந்தேன். மகளை ஒவ்வொரு வாசலிலும் காலை ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். காரோட்டி தன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகு போகட்டும்.

பொங்கோல்: சைக்கிள் பாதையில் கூட்டமாக இருந்தால் பக்கத்து நடைபாதையில் ஏறிக்கொள்ளலாமா?

கூடாது. சைக்கிள் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கென்றே தனிப் பாதை இருந்தால் அது அவர்களுக்கு மட்டும்தான். 2025 ஜூலை 1 முதல் இது சட்டம். மீறினால் 2,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

பீஷான்: பூங்கா இணைப்புப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் அனுமதிதானே? சட்டப்படி போனாலும் திட்டு வாங்குகிறேன்.

25 என்பது உச்சவரம்பு. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர் போய்விடுவீர்கள். நீங்கள் யோசித்துப் பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே அந்த ஏழு மீட்டர் ஓடிவிடும். மாலை ஆறரைக்குக் காலாங் ஆற்றோரம் போய்ப் பாருங்கள்: காதில் பாட்டோடு ஓடுபவர், மூன்று சக்கர வண்டியில் வளைந்து வளைந்து வரும் பொடியன், பாதைக்கு ஒரு பக்கம் நாய், மறுபக்கம் அதன் கயிற்றைப் பிடித்தவர். இதற்குள் 25-ல் போனால் திட்டத்தான் செய்வார்கள், நானும் திட்டுவேன்!

மணி அடிப்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் ஆள் துள்ளிக் குதிப்பார், எந்தப் பக்கம் குதிப்பார் என்று அவருக்கே தெரியாது. பதினைந்து மீட்டர் முன்பே ஒருமுறை அடித்து, வேகத்தைக் குறைத்து, “வலப்பக்கம் வர்றேன் ஆன்ட்டி” என்று சொல்லிக் கடந்து பாருங்கள். அப்புறம் திட்டு வராது. பேருந்து நிறுத்தமா, இறங்கித் தள்ளிக்கொண்டு போய்விடுங்கள்.

ஜூரோங்: சாப்பாடு டெலிவரி செய்கிறேன். மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டலாமா?

கூடாது. சைக்கிள் பாதை, சாலை இரண்டு மட்டும்தான். மின்சைக்கிள் ஓட்ட விதிகள் பற்றிய தேர்வும் தேறியிருக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ்: சாலையில் ஓட்டிப் பழகலாம் என்று பார்க்கிறேன். லாரியை நினைத்தால்தான் நடுக்கம்.

நடுக்கம் நியாயமானது. இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், லாரியின் இடப்பக்கம் அவருக்குச் சரியாகத் தெரியாது. சிக்னலில் லாரிக்கும் நடைபாதை விளிம்புக்கும் நடுவே இருக்கும் சந்தில் மட்டும் நுழையாதீர்கள். இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் அந்தச் சந்தை மொத்தமாக மூடிவிடும். பின்னால் நில்லுங்கள். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் உங்கள் முகம் அவருக்குத் தெரியும்.

நிறுத்தி வைத்த கார்களை ஒரு கதவு அகலம் விட்டுக் கடந்து செல்லுங்கள். சாலையில் ஹெல்மெட் கட்டாயம். விரைவுச்சாலை பக்கமே போகக் கூடாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பாருங்கள்.

துவாஸ்: ஊர்த் தம்பி ஒருவன் பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறான். விடுதியிலிருந்து கடைக்குப் போய்வரத்தான். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் பிரேக். ஒரு கைப்பிரேக்காவது வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம், இரண்டும் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியைத் தள்ளச் சொல்லுங்கள், சக்கரம் உருண்டால் பிரேக் கட்டையை மாற்ற வேண்டும். மழையில் அதுவும் வழுக்கும், முன்கூட்டியே பிடித்துப் பழகட்டும்.

அப்புறம் விளக்கு: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. துவாஸ் பக்கம் ராத்திரியில் கனரக வண்டிகள் வரும், தம்பி கறுப்பு டி-சர்ட்டில் போனால் யார் கண்ணிலும் பட மாட்டான். வேலையிடத்தில் போடும் அந்த மினுங்கும் மேற்சட்டையை மாட்டிக்கொண்டே கடைக்குப் போகட்டும்.