இஸ்ரேல்–பாலஸ்தீன அமைதிக்கு இரண்டு நாடா, ஒரே நாடா, கூட்டமைப்பா: எது ஒத்துவரும்?

கேட்ட விதத்தைப் பார்த்தால் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. மூன்றுக்கும் நிறை குறை எழுதித் தர இங்கே ஆட்கள் நிறைய. நான் நிபுணன் இல்லை. பாலஸ்தீனரின் மேற்குக் கரையில் இருக்கும் பெத்லகேமில் தங்கிவிட்டு வந்தவன், அவ்வளவுதான்.

கொரோனாவுக்கு முன்னால் அம்மாவைப் புனிதப் பயணம் கூட்டிப்போனேன். எங்கள் குழுவைத் தங்கவைத்தது பெத்லகேமில். இடையர் வயலைச் சுற்றிக்காட்டியவர் உள்ளூர்க் கிறிஸ்தவர், அம்மா வயதிருக்கும். எதிர்க் குன்று முழுக்க அடுக்குமாடி வீடுகள். "அது எந்த ஊரு?" என்று அம்மா கேட்டார். ஹர் ஹோமா. 1997-இல் கட்டத் தொடங்கியது. இஸ்ரேலைக் கேட்டால் அது எருசலேமின் ஒரு பகுதி. மற்ற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு, 1967 போரில் இஸ்ரேல் பிடித்த நிலத்தில் எழுந்த யூதக் குடியேற்றம்.

மறுநாள் எருசலேம். பத்து கிலோமீட்டர்கூட இல்லை. செக்போஸ்ட்டில் ஒரு சிப்பாய் பஸ்ஸில் ஏறி, எங்கள் பாஸ்போர்ட்டுகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். அந்தப் பெரியவர் எங்களோடு வரவில்லை. ஈஸ்டருக்கு எருசலேமில் இயேசுவின் கல்லறைக் கோவிலுக்குப் போவதென்றாலும் அவர் இஸ்ரேலிடம் பர்மிட் வாங்க வேண்டும். ஒரே வீட்டில் மனைவிக்குக் கிடைக்கும், கணவருக்குக் கிடைக்காது என்றார். திருநெல்வேலியிலிருந்து போன எங்களுக்கு டூரிஸ்ட் விசா போதுமாக இருந்தது.



சரி, கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாடு என்பது 1947-லேயே ஐ.நா. தீர்மானம் 181-இல் வந்துவிட்டது. அதை விசாரித்த 11 நாட்டுக் குழுவில் இந்தியாவும் இருந்தது. பிரிவினை வேண்டாம், யூத, அரபு மாநிலங்கள் கொண்ட ஒரே கூட்டாட்சி நாடு போதும் என்று இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா மூன்றும் சொல்லின. எடுபடவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

இன்றைக்கு வரைபடத்தில் கோடு போடுவது சுலபம். ஆனால் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைவர்களும் போட்ட 1995 ஒப்பந்தப்படி மேற்குக் கரை ஏ, பி, சி என்று துண்டாகிக் கிடக்கிறது. ஏறக்குறைய 60 சதவீதம் வரும் சி பகுதி முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில். கிழக்கு எருசலேமைச் சேர்க்காமலே மேற்குக் கரையில் சுமார் 5 லட்சம் யூதக் குடியேறிகள். 2005-இல் காசாவிலிருந்து எட்டாயிரம் குடியேறிகளை வெளியேற்றியதற்கே இஸ்ரேலில் எவ்வளவு அமளி! ஒரே நாடு என்றால் யூதர், பாலஸ்தீனர் இரு தரப்பிலும் தலா ஏறக்குறைய 70 லட்சம் பேர். எல்லோருக்கும் ஓட்டு என்றால் யூதப் பெரும்பான்மை நாடு என்ற அடிப்படையே போய்விடும்; ஓட்டு இல்லையென்றால் அதற்குப் பெயர் ஜனநாயகம் இல்லை.

அதனால்தான் எனக்குக் கூட்டமைப்பு யோசனை பிடித்திருக்கிறது. 1967 போருக்கு முந்தைய எல்லையில் இரண்டு தனி நாடுகள், ஆனால் எல்லை திறந்திருக்கும், எருசலேம் இருவருக்கும் பொது. 'எல்லோருக்கும் ஒரு நிலம்' என்ற இயக்கத்தில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் சேர்ந்தே இதைப் பேசுகிறார்கள். குடியேறியவர் இஸ்ரேல் குடிமகனாகவே பாலஸ்தீனத்தில் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வசிக்கலாம். பாலஸ்தீனரும் அதேபோல இஸ்ரேலில் வசிக்கலாம். ஓட்டு மட்டும் அவரவர் நாட்டில்.

2023 அக்டோபர் 7-இல் காசாவின் ஹமாஸ் அமைப்பு இஸ்ரேலைத் தாக்கிய பிறகு, காசா இடிந்த பிறகு, யார் எல்லையைத் திறப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதல் நாளே திறக்கச் சொல்லவில்லை. முதலில் பாலஸ்தீனத்துக்குச் சொந்த மண்ணில் ஆட்சி, அப்புறம் படிப்படியாக. பிரிட்டனும் பிரான்சும் 2025-இல் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன, இந்தியா 1988-லேயே. அங்கீகாரக் கடிதத்தால் ஒரு செக்போஸ்ட்கூட நகரவில்லை.

ஹமாஸ் செய்ததை நான் நியாயப்படுத்துகிறேன் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், அது படுகொலை. நானும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன்தான். எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதியபோது எகிப்தின் நதி முதல் ஐப்பிராத்து வரை ஆபிரகாமின் சந்ததிக்குக் கடவுள் கொடுத்த நிலம் என்று பைபிளின் ஆதியாகமம் 15-ஐப் போட்டு வாயை அடைத்தார்கள். இங்கேயும் வசனம் போட வருகிறவர்கள் சி பகுதியை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பதில் தருகிறேன்.