ஓடுகிற கிளாஸ் எந்த ஃபைலில் இருக்கிறது?

கேள்வி: பைத்தான் புராஜெக்ட் ஒன்றில் 'ஆர்டர்' என்ற கிளாஸைத் திருத்தினேன். சர்வரில் பழைய பிழையே திரும்பத் திரும்ப வருகிறது. எடிட்டரில் கிளாஸ் பெயரை கிளிக் செய்தால் நான் திருத்திய ஃபைல்தான் திறக்கிறது. ஓடும்போது அந்த கிளாஸ் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எடிட்டரை விடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமிடமே கேளுங்கள். எடிட்டர் தனக்குக் காட்டிய என்விரான்மென்ட்டை (அதாவது பைத்தானும் அதன் லைப்ரரிகளும் இருக்கும் இடத்தை) பார்த்துப் பதில் சொல்கிறது. சர்வர் ஓடுவது வேறொன்றில் என்றால் அந்தப் பதிலால் பயனில்லை.

பிழை வரும் இடத்துக்குச் சற்று மேலே, இன்ஸ்பெக்ட் மாட்யூலை இம்போர்ட் செய்து இந்த வரியைப் போடுங்கள் (ஆப்ஜெக்ட் என்ற இடத்தில் உங்கள் வேரியபிளின் பெயர்):

ப்ரின்ட்(இன்ஸ்பெக்ட்.கெட்ஃபைல்(டைப்(ஆப்ஜெக்ட்)))

கிளாஸ் பெயரைக் கொடுக்காமல் டைப் வழியாகக் கேட்பது வேண்டுமென்றேதான். கையில் இருக்கும் ஆப்ஜெக்ட் நீங்கள் நினைக்கிற கிளாஸாக இல்லாமல் அதன் சப்கிளாஸாக இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் டைப்பின் __எம்ஆர்ஓ__ வையும் சேர்த்து அச்சிடுங்கள். பெற்றோர் கிளாஸ்கள் வரிசையாக வந்துவிடும்.

வரும் பாதையில் 'சைட்-பேக்கேஜஸ்' என்று இருந்தால் விஷயம் முடிந்தது. எப்போதோ பிப் வழியாக இன்ஸ்டால் செய்த நகல்தான் ஓடுகிறது, நீங்கள் திருத்தியது சும்மா கிடக்கிறது. பிப் இன்ஸ்டால் கட்டளையில் 'மைனஸ் ஈ' (-e) சேர்த்து மறுபடி இன்ஸ்டால் செய்தால், உங்கள் ஃபோல்டரில் இருக்கும் கோடே நேரடியாக ஓடும். ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே அதே பெயரில் ஒரு பழைய ஃபைல் கிடந்தாலும் வம்புதான். பைத்தான் சாதாரணமாக முதலில் தேடுவது அங்கேதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிளாஸ் தன் ஃபைலை நினைவில் வைத்திருப்பதில்லை. கெட்ஃபைல் அதன் __மாட்யூல்__ பெயரைப் பார்த்து, அந்த மாட்யூலின் ஃபைலைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சில லைப்ரரிகள் மாற்றி எழுதிவிடும். நம்பை லைப்ரரியின் மேட்ரிக்ஸ் கிளாஸ் அப்படித்தான்: எழுதப்பட்ட ஃபைல் வேறு, கெட்ஃபைல் காட்டுவது நம்பையின் இனிட் ஃபைல் (__init__.py). ஆகவே நான் அதிகம் நம்புவது மெத்தடைத்தான். கிளாஸுக்குள்ளேயே எழுதிய ஏதாவது ஒரு மெத்தடை (உதாரணத்துக்கு சேவ்) எடுத்து இப்படிக் கேளுங்கள்:

ஆர்டர்.சேவ்.__கோட்__.கோ_ஃபைல்நேம்

இது கம்பைல் ஆன கோடிலேயே பதிந்திருக்கும் பாதை. பக்கத்திலேயே கோ_ஃபர்ஸ்ட்லைன்நோ என்று வரி எண்ணும் இருக்கிறது. டெகரேட்டர் (மெத்தடுக்கு மேலே @ குறியோடு வரும் வரி) போட்ட மெத்தடை மட்டும் தவிருங்கள். அது டெகரேட்டரின் ஃபைலைக் காட்டிவிடலாம். பைத்தான் 3.13 முதல் கிளாஸுக்கே __ஃபர்ஸ்ட்லைன்நோ__ கிடைக்கிறது.

டிக்ட் போன்ற உள்ளமைந்த கிளாஸை கெட்ஃபைலிடம் கேட்டால் டைப்எரர் வரும். அது சி மொழியில் எழுதியது, காட்ட பைத்தான் ஃபைல் இல்லை.

சரி, பாதை சரியாகவே இருக்கிறது, ஆனாலும் பழைய பிழைதான் என்றால்? இங்கேதான் பலர் கோடைக் காட்டும் இன்ஸ்பெக்ட்.கெட்சோர்ஸ் போட்டுப் பார்த்து இன்னும் குழம்பிப்போகிறார்கள். அது திருத்திய வரிகளை அழகாகக் காட்டும், ஓடுவதோ பழைய கோட். காரணம், கெட்சோர்ஸ் மெமரியில் இருப்பதைப் பார்ப்பதில்லை. டிஸ்கில் இப்போது இருக்கும் ஃபைலைத் திறந்து படிக்கிறது. புரோகிராம் தொடங்கிய பிறகு நீங்கள் ஃபைலை மாற்றியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் பிராசஸ் தொடங்கிய நேரத்தையும் ஃபைலைக் கடைசியாகச் சேமித்த நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபைல் புதியதாக இருந்தால் சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன் கீழே ஓடும் வொர்க்கர் பிராசஸ்களில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.