பொன்முலாமும் பாதரசப் புகையும்

அன்புள்ள ஐயா,

உதுமானிய சுல்தான்களின் குதிரைச் சேணங்களைப் படங்களில் பார்த்தேன். பொன்னும் மணியும் இழைத்த அந்தச் சுமையை வாயில்லா ஜீவன்கள் எப்படித் தாங்கின? இந்த ஆடம்பரம்தானே அந்தப் பேரரசைக் கவிழ்த்தது? இவை ஐரோப்பாவில் இருப்பதும் போர்க்கொள்ளையால்தானே?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் இரக்கம் நல்ல இரக்கம். ஆனால் அது குதிரையோடு நின்றுவிட்டது. சேணத்தால் எந்தப் பேரரசும் கவிழ்வதில்லை. அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். கொள்ளை என்பது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர அருங்காட்சியகத்தில் உள்ளவற்றில் பலவற்றுக்குப் பொருந்தும். மாஸ்கோ கிரெம்ளினில் உள்ளவற்றில் பல, ஜார் மன்னர்களுக்குத் தூதர்கள் கொண்டுவந்த பரிசுகள். சுமையும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை: மரச்சட்டத்தின் மேல் தோலும் வெல்வெட்டும் போர்த்திச் சரிகைவேலை செய்து, மெல்லிய தகடுகளைப் பொருத்துவதே வழக்கம்.

நான் சில காலமாக நினைத்துக்கொண்டிருப்பது குதிரையின் முகக்கவசத்தைப் பற்றி. உதுமானியர் அதைப் பெரும்பாலும் இரும்பிலோ, ‘தொம்பாக்’ எனப்படும் பொன்முலாமிட்ட செம்பிலோ செய்தார்கள். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்து, வெண்ணெய்போன்ற அந்தக் குழம்பைத் துலக்கிய செம்பின்மீது தடவிக் கரிநெருப்பில் காட்டினால், பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் செம்பைப் பற்றிக்கொண்டு மங்கலாக நிற்கும், பிறகு கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்குவார்கள். அந்த ஆவி எங்கே போயிற்று என்று எப்போதாவது யோசித்தீர்களா? முலாம் பூசியவனின் மூச்சுக்குள் போயிற்று. ஈறு வீங்கும், பல் ஆடும், கை நடுங்கும். கைநடுக்கம் வந்த பிறகு கைத்தொழிலாளிக்கு என்ன மிச்சம்?

ஐரோப்பிய அருங்காட்சியகம் ஒன்றில் அத்தகைய கவசத்தின் முன் நெடுநேரம் நின்றிருக்கிறேன். உள்துணியைத் தைக்க ஓரம் முழுவதும் சிறுசிறு துளைகள் இட்டிருந்தார்கள். கண்ணருகே முலாம் தேய்ந்து செம்பு சிவந்து தெரிந்தது. வழிகாட்டி குதிரையின் இனத்தைப் பற்றி விரிவாகப் பேசினார், சுல்தானின் பவனியைப் பற்றி அதைவிட விரிவாகப் பேசினார், முலாம் பூசியவனைப் பற்றி மூச்சுவிடவில்லை. இஸ்தான்புல்லின் ஹாகியா ஐரீன் தேவாலயத்தில் இருந்த படைக்கலச் சாலையின் முத்திரையை இத்தகைய கவசங்கள் பலவற்றில் காணலாம். பொருள் யாருக்குச் சொந்தம் என்று அரசு அவ்வளவு கவனமாகக் குத்தி வைத்திருக்கிறது; செய்தவனின் பெயரை நான் நின்று பார்த்த கவசத்தில் தேடியும் காணவில்லை.

மணிகளை எண்ணியது போதும். நீங்கள் பார்த்த படங்களில் முகக்கவசம் ஏதேனும் இருந்தால் அதைப் பெரிதாக்கி, முலாம் தேய்ந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். குதிரைக்காக அதன்பிறகு வருந்திக்கொள்ளலாம்.